வலது தாங்கியின் முள்

விரலை மடித்து விமானத்தின் வலது இறக்கையைத் தட்டினேன். வெறும் தகரப் பீப்பாவைத் தட்டிய சத்தம் வந்தது. ஒரு முழம் தள்ளித் தட்டினேன். அதே சத்தம்.

"பெற்றோல் முள்ளு என்ன சொல்லுது ஐயா?" என்று கேட்டேன்.

உள்ளே இருந்த கப்டன் குனிந்து பார்த்துச் சொன்னார். "ஃபுல்லுன்னு சொல்லுது தம்பி. நேத்து காலையில கொழும்புல ஏறினப்பவும் ஃபுல்லு. கடலுக்கு மேல இஞ்சின் நின்னப்பவும் ஃபுல்லு. இப்பவும் ஃபுல்லு."

நெடுந்தீவின் தெற்குப் பக்கத்து வெளி. வைகாசி வெயில். எங்களைச் சுற்றி ஐம்பது அறுபது சனம் நின்றது. அவர்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நின்றன. குதிரைகள் மட்டும் கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் மேயப் போய்விட்டன.

விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் குடையை விரித்துக்கொண்டு, மடியில் கொப்பியோடு தீவின் அரசாங்க அலுவலரான விதானையார் இருந்தார். நான் இறக்கையைத் தட்டியதை அவர் எழுதிக்கொண்டார். இரண்டு தரம் தட்டியதால் இரண்டு தரம் என்று எழுதினார்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்

பாலத்தடியில் நின்றுபோன லொறியைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் புங்குடுதீவிலிருந்து ஒரு வாசகர், "நீங்கள் ஒருமுறை பிளேன் திருத்தினதாக எங்கள் ஐயா சொல்லுவார், உண்மையோ?" என்று கேட்டிருக்கிறார். உண்மைதான். ஆனால் முழுப் பிளேனையும் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சாமானைத்தான் திருத்தினேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக்கு இரண்டு மாதம் முந்தியிருக்கும். வேலணையில் எனக்குச் சின்னதாக ஒரு கராஜ் இருந்தது. கிடுகுக் கூரை. வருகிற கார்களில் பாதி ஏ-ஃபோர்ட்டி, மீதி மொறிஸ் மைனர். எல்லாம் என்னைவிட மூத்தவை.

ஊரில் எனக்கு முள்ளுச் சிவபாதம் என்று பெயர். அதற்கு ஒரு கலியாணம் காரணம்.

நான் கராஜ் தொடங்கிய புதிதில் ஒரு மாப்பிள்ளைக் கார் பிறேக் பார்க்க வந்தது. பிறேக்கை நன்றாகத்தான் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மண்டைதீவைத் தாண்டிப் பண்ணைத் தாம்போதியில், கடலுக்கு நடுவே போகிற பாதையில், அந்தக் கார் நின்றுபோனது. பெற்றோல் முள் அரைத் தாங்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. தாங்கியில் ஒரு சொட்டும் இல்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளினார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய வேட்டியில் ஒரு கறுப்புக் கை அடையாளம் இருக்கிறது.

"பிறேக் நல்லாப் பிடிச்சுது சிவபாதம். நிண்ட கார் நிண்ட இடத்திலையே நிண்டது" என்று மாமனார் பிறகு சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் கார் என்ன வருத்தத்துக்கு வந்தாலும் முதலில் முள்ளைத்தான் பார்ப்பேன்.

ஆகவே, நெடுந்தீவு வெளியில் ஒரு பிளேன் இறங்கியிருக்கிறது, அதன் முள் பொய் சொல்கிறது என்ற செய்தி தபால் கந்தோருக்கு வந்தபோது, தபாலதிபர் யோசிக்கவே இல்லை. வேலணைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். எனக்குப் பிளேன் தெரியாது என்று சொன்னேன். "அவைக்குப் பிளேன் தெரியும். முள்ளுத் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்" என்றார்.

கப்டன்

கப்டன் சிங்களவர். மலைநாட்டில் இருபது வருடம் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தவர். அதனால் நல்ல தோட்டத்துத் தமிழ் பேசுவார். அறுபது வயது இருக்கும். சிவந்த முகம், தலையில் பழைய ஃபெல்ற் தொப்பி. அவரை ஏன் கப்டன் என்று சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விமானம் அவரைவிடக் கொஞ்சம் இளையது. நாலு பேர் இருக்கலாம். இறக்கை தலைக்கு மேலே. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு தாங்கி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் ஒரு சிநேகிதரைப் பார்க்க வந்திருக்கிறார். அப்படியே தீவுகளை மேலிருந்து படம் பிடிக்கலாம் என்று சுற்றி வந்திருக்கிறார்.

"இடது தாங்கிய மொதல்ல முடிச்சேன்" என்றார். "வலதுல நெறைய இருக்குன்னு முள்ளு சொல்லிச்சு. திருப்பினேன். ரெண்டு இருமல் இருமிச்சு, அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்ல. கீழ பச்சையா ஒரு வெளி, குதிரை. சரி, குதிரை நிக்கிற எடத்துல தண்ணி இருக்காதுன்னு எறங்கிட்டேன்."

பவளக்கல் மதில் ஒன்றுக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போது சில்லுகள் நின்றிருக்கின்றன. ஒருவருக்கும் காயமில்லை. ஒரு குதிரை மட்டும் அன்று முழுக்க ஒரு பக்கம் சரிந்து நடந்ததாகச் சிலர் சொன்னார்கள். அது பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் நடக்கும் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

பாரும், தொடாதேயும்

முள்ளின் சங்கதி சிக்கலானதல்ல. தாங்கிக்குள் ஒரு தக்கை மிதக்கும். தக்கையில் ஒரு கம்பி. தக்கை ஏறி இறங்க, கம்பியின் மறுமுனை ஒரு மெல்லிய கம்பிச் சுருளின்மேல் தடவிப் போகும். எவ்வளவு சுருளுக்கு ஊடாக மின்சாரம் போகிறதோ அதற்கேற்ப முன்னால் இருக்கிற முள் ஆடும். தக்கையும் சுருளும் சேர்ந்த அந்தச் சாமானை நாங்கள் யூனிற் என்போம். காரிலும் அதுதான், இந்த விமானத்திலும் அதுதான்.

பையைத் திறந்து ஸ்குறூ ஆணி கழற்றியை எடுத்தேன். விதானையார் பேனையை உயர்த்தினார்.

"மேலிடத்துக் கடிதம் வராமல் ஒருதரும் உதிலை கை வைக்கேலாது."

"கை வைக்காமல் என்னெண்டு பாக்கிறது விதானையார்?"

"பாரும். தொடாதேயும்."

கப்டன் இறங்கி வந்தார். "என் பிளேன்தாங்க இது."

"பிளேன் உங்கடை. நிலம் அரசாங்கத்தின்ரை."

விதானையார் கெட்டவர் அல்ல. அவருடைய இருபத்தைந்து வருடச் சேவையில் வானத்திலிருந்து விழுந்த முதல் சாமான் அது. பிறகு ஒரு விசாரணை வந்தால் தன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நான் கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் அவர் எழுதுவார், நான் கையெழுத்து வைப்பேன்.

கொப்பியை வயிற்றின் வலது பக்கத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார். தேத்தண்ணி வந்தது, அவர் குடிக்கவில்லை. "வாய்வு" என்றார்.

யூனிற்றிலிருந்து வருகிற வயரைக் கழற்றினேன். "முள்ளு?" என்று கேட்டேன். "ஃபுல்லு" என்றார் கப்டன். அந்த வயரைப் பிடித்து விமானத்தின் உடம்பில் தொட்டேன். "முள்ளு?"

"வெறுமைக்குப் போயிருச்சு!" கப்டனின் குரலில் ஒரு சந்தோஷம். இரண்டு நாளில் அந்த முள் முதல்முறையாக அசைந்திருக்கிறது.

அப்படியென்றால் முள்ளும் வயரும் சுகம். யூனிற்தான் செத்துப்போயிருக்கிறது. ஐந்து ஆணியையும் கழற்றி வெளியே எடுத்தேன். ஐந்து கையெழுத்து. உள்ளே சுருளின் கம்பி தேய்ந்து தேய்ந்து ஓரிடத்தில் அறுந்திருந்தது. அறுந்தால் அந்த வகை முள் மேலே போய் நின்றுவிடும். தாங்கி காய்ந்தாலும் இறங்காது.

ஆனால் பெற்றோல் எங்கே போனது?

அதற்கு விமானத்தின் கீழே படுத்தேன். வயிற்றில், வலது தாங்கிக் குழாயின் அடியில், தண்ணீர் வடிக்கிற ஒரு சின்ன வடிகுழாய் இருந்தது. அதிலிருந்து வால் வரைக்கும் மங்கலாக ஒரு கறை. வடிகுழாயில் கசியாமல் இருக்க வைக்கிற வாசர் பழைய விசுக்கோத்துப் போல வெடித்திருந்தது. கொழும்பிலிருந்து வருகிற வழி முழுக்கப் பெற்றோல் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வாசர் களவெடுத்திருக்கிறது. யூனிற் அதைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் இருக்கு என்று சொல்லியிருக்கிறது.

ஒரு மூடி

அடுத்த நாள் முதல் லோஞ்சில், தீவுக்கு ஓடுகிற மோட்டார்ப் படகில், குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வேலணைக்குப் போனேன். கராஜின் பின்னால் பூவரசுக்குக் கீழே சில்லில்லாத ஏ-ஃபோர்ட்டி ஒன்று நின்றது. அதன் தாங்கியில் இருந்து யூனிற்றைக் கழற்றினேன். வீட்டு முற்றத்தில் பற்றறியில் கொடுத்துப் பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் அதன் சுருள் பெரிது. அப்படியே பூட்டினால் அரைத் தாங்கியிலேயே முள் ஃபுல்லுக்குப் போய்விடும். ஊர்காவற்றுறையில் வானொலி திருத்துகிற ஒருவரிடம் போய் ஒரு ரெசிஸ்ரர் வாங்கி, அதற்குப் பக்கத்தில் ஒட்டினேன். நடுவில் கொஞ்சம் கூடக் காட்டும். வெறுமையைச் சரியாகக் காட்டும். எனக்கு அது போதும்.

வாசருக்கு இஞ்சின் மூடிக்கு வைக்கிற கோர்க் தகட்டில் ஒரு துண்டு வெட்டினேன். பெற்றோலை இரண்டு கானில் நிரப்பிக்கொண்டு பின்னேர லோஞ்சில் ஏறினேன். லோஞ்சுக்காரர் என்னையும் கான்களையும் அணியத்தில் இருத்திவிட்டு, சுருட்டுப் பற்றுகிற எல்லாரையும் பின்பக்கம் அனுப்பினார். அன்றே சோளகக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவு போய்ச் சேரும்வரை அணியத்தில் இருந்த நான் உப்புத் தண்ணீரில் தோய்ந்தேன். கான்கள் தோயவில்லை, படங்குச் சீலையால் மூடியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பூட்டத் தொடங்கினால், ஆணித் துளைகள் பொருந்தவில்லை. காரின் யூனிற்றுக்கு ஆறு துளை, விமானத்துக்கு ஐந்து. நடுவில் ஒரு தகடு வைக்கவேண்டும். தடித்த அலுமினியம் வேண்டும். நெடுந்தீவில் அலுமினியம் குசினியில்தான் இருக்கும்.

விதானையாரின் மனைவி தன் வீட்டிலிருந்து ஒரு சட்டி மூடியைக் கொண்டுவந்து தந்தார். "உவருக்குச் சொல்லாதேயுங்கோ. கொப்பியிலை எழுதிப்போட்டு, பிறகு என்னட்டையும் கையெழுத்துக் கேப்பார்."

அந்த மூடி மட்டும்தான் கொப்பியில் ஏறாத சாமான்.

தகட்டை வெட்டி, இரண்டு பக்கமும் கோர்க் வைத்து, யூனிற்றைப் பூட்டினேன். கீழே வடிகுழாயில் கோர்க் வாசரையும் வைத்து இறுக்கினேன். காரின் தாங்கி ஆழம், இறக்கைத் தாங்கி சப்பை. அதனால் தக்கைக் கம்பியை வளைக்கவேண்டியிருந்தது. பிறகு பெற்றோல். கப்டன் தன் ஃபெல்ற் தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளால்தான் வடித்து ஊற்றவேண்டும் என்றார். தொப்பியின் அடியில் தண்ணீரும் தூசும் தங்கிவிடுமாம். ஒவ்வொரு கலன், அதாவது நாலரை லீற்றர், ஊற்றியதும் நிறுத்தி, முள் நிற்கிற இடத்தில் கண்ணாடியின்மேல் பென்சிலால் ஒரு கோடு. இடது தாங்கியில் நாலு கலன், வலதில் நாலு கலன். பலாலிக்குப் போய்ச் சேர இடது மட்டுமே போதும். வலது அவசரத்துக்குக் கைகாவல்.

நாலாவது கோடு போட்டதும் கப்டன் என் தோளைத் தட்டினார். "பொய் சொல்லாதில்ல?"

"சொன்னால் நான் பொறுப்பு" என்றேன். அந்த நேரம் அது சும்மா சொல்லுகிற வார்த்தைதான்.

அப்போதுதான் பார்த்தேன். கதிரை இருந்தது. குடை இருந்தது. விதானையார் இல்லை.

நாகேஸ் மிஸி

சோளகம் நன்றாகப் பிடித்துவிட்டது. கடல் முழுக்க வெள்ளை. லோஞ்ச் இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். நாளைக்கும் இருக்காது என்றார்கள்.

மத்தியானம் போல ஆஸ்பத்திரியிலிருந்து நாகேஸ் மிஸி சைக்கிளில் வந்தார். காரைநகர்ப் பெண். வயது முப்பதுக்குள். நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தார். காற்றுக்கு எதிராக மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஐயா, உங்கடை பிளேன் பறக்குமோ?"

"எதுக்கும்மா?"

"விதானையாருக்கு அப்பென்டிக்ஸ். மூண்டு நாளா வயித்துக்குத்தை வாய்வெண்டு மறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். இப்ப காய்ச்சல் நூற்றுமூண்டு. வயிறு பலகை மாதிரி இருக்கு. இஞ்சை வெட்டேலாது. யாழ்ப்பாணம் போகவேணும், இண்டைக்கே போகவேணும்."

கப்டன் கடலைப் பார்த்தார். பிறகு வெளியைப் பார்த்தார். "கல்லெல்லாம் பொறுக்கிடச் சொல்லுங்க" என்றார்.

ஊர் முழுக்க இறங்கியது. அரை மணித்தியாலத்தில் அந்த வெளியின் நடுவால் ஒரு பாதை, கல்லும் இல்லாமல் சாணமும் இல்லாமல் நீண்டு கிடந்தது. குதிரைகளைத் துரத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கை கோத்து நின்றார்கள். தபாலதிபர் பலாலிக்கும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கும் தொலைபேசி எடுக்க ஓடினார்.

விதானையாரை உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். முகம் சாம்பல் நிறம். கொப்பி கையில் இருந்தது.

"நான் உதிலை ஏறமாட்டன்."

"ஏறாட்டில் செத்துப்போவியள்" என்றார் மிஸி.

"ஏறினாலும் சாவன். உந்தப் பிளேன் மூண்டு நாளைக்கு முந்தி விழுந்த பிளேன்."

"எறங்கின பிளேன்" என்றார் கப்டன்.

விதானையார் கண்ணை மூடி ஒரு குத்து வந்து போகும்வரை இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சிவபாதம், நீர் பூட்டின சாமானில உமக்கு நம்பிக்கை இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப நீரும் ஏறும். நீர் ஏறினால் நான் ஏறுறன்."

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மனைவி வேலணையில் இருந்தார். நான் லோஞ்சில் ஏறவே பயப்படுகிற ஆள். அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஓம்" என்றுதான் வந்தது.

முள் இறங்குகிறது

ஏறும்போது கப்டன் மூன்று விஷயம் சொன்னார். கதவைத் தொடாதே, ஓட்டுகிற கம்பியைத் தொடாதே, முள்ளைப் பார்த்துக்கொண்டே இரு. நான் அவருக்குப் பக்கத்தில். பின்னால் விதானையாரைச் சாய்த்து, அவருடைய தலையை மிஸி தன் மடியில் வைத்துக்கொண்டார். கப்டன் இடது தாங்கியைத் திறந்து இஞ்சினை ஸ்ராட் பண்ணினார். சோளகத்துக்கு முகம் கொடுத்து ஓடினோம். மதில் வந்தது. பிறகு மதில் கீழே இருந்தது.

கண்ணை மூடினேன். பிறகு, முள்ளைப் பார்க்கவேண்டும் என்பதால் திறந்தேன்.

கடலுக்கு மேலே திரும்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடகிழக்கே போனோம். "வேலணை" என்று கப்டன் கீழே காட்டினார். நான் பார்க்கவில்லை. என் கராஜ் மேலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வலது முள் நாலாவது கோட்டில் இல்லை. மூன்றாவதில் நின்றது.

நாங்கள் எரித்தது இடது தாங்கியை. வலதை ஒருவரும் தொடவில்லை.

பெற்றோல் மணந்தது. ஆனால் இரண்டு நாளாக நானே பெற்றோல் மணந்துகொண்டுதான் இருந்தேன். கண்ணாடியைத் தட்டினேன். முள் ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றது. பண்ணைக் கடலுக்கு மேலே வந்தபோது இரண்டாவது கோடு. கண்ணாடியைத் திரும்பவும் தட்டினேன்.

பலாலி தெரிந்தது. கப்டன் காதில் வைத்திருந்த கருவியில் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இன்னொரு பிளேன் எறங்கப் போகுதாம். கால் மணி சுத்திக்கிட்டு நிக்கச் சொல்றான். இடதுல அதுக்குக் காணாது. வலதுல நாலு கலன் இருந்தா பயமில்ல." அப்போதுதான் அவர் முள்ளைப் பார்த்தார். முதலாவது கோட்டுக்குக் கீழே. அவருடைய முகத்தில் இருந்த சிவப்பு போய்விட்டது. "தம்பி. இது நெசமா? உங்க சாமான் பிழையா, இல்ல பெற்றோல் போகுதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ கார்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் மூவாயிரம் அடி உயரத்தில் வைத்துக் கேட்டதில்லை.

யூனிற் பிழை என்று சொன்னால், பெற்றோல் இருக்கிறது என்று நம்பிச் சுற்றுவார். யூனிற் சரி என்று சொன்னால், சொல்லுக் கேளாமல் இறங்குவார். கீழே இருப்பது இராணுவம். பின்னால் விதானையார் முனகினார். அறுந்த சுருளை நினைத்தேன். ஐந்து ஆணியை நினைத்தேன். மெல்ல மெல்ல ஒரு விஷயம் தெளிந்தது. இந்த வகை யூனிற் பழுதானால் முள் மேலேதான் பாயும், ஒரேயடியாகப் பாயும். வயர் எங்காவது உடம்பில் பட்டால் கீழே விழும், அதுவும் ஒரேயடியாக விழும். இது இருபது நிமிடமாகக் கோடு கோடாக இறங்குகிறது. தக்கை இறங்கினால்தான் முள் அப்படி இறங்கும்.

"உண்மை ஐயா" என்றேன். "முள்ளுச் சரி. பெற்றோல்தான் போகுது. என்ரை வாசர் விட்டிட்டுது."

"நிச்சயமா?"

"நிச்சயம். சுத்தாதேயுங்கோ."

"உவன் சிவபாதம் என்ன சொல்லுறான்?" என்று பின்னாலிருந்து விதானையாரின் குரல் வந்தது.

"ஒண்டுமில்லை, படுங்கோ" என்றார் மிஸி.

"எனக்கு வயித்திலைதான் வருத்தம். காதிலை இல்லை."

கப்டன் கருவியில் நாலைந்து சொல் சொன்னார். அங்கிருந்து பலமாக ஏதோ வந்தது. அவர் அதைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துவிட்டு, மூக்கைக் கீழே சரித்தார்.

பலாலி

இறங்கி நின்றதும் துவக்குகளோடு இராணுவத்தினர் ஓடி வந்தார்கள். கப்டன் கையை உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் கத்தினார். அந்த வேகத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் 'அப்பென்டிக்ஸ்'. ஐந்து நிமிடத்தில் விதானையாரையும் மிஸியையும் அம்புலன்ஸ் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது.

கப்டன் வலது தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். காய்ந்து வந்தது. இடதில் குச்சியின் நுனி நனைந்தது.

நான் கீழே படுத்து வடிகுழாயைக் கழற்றினேன். கோர்க் வாசர் இஞ்சின் அதிர்வில் இரண்டாகப் பிளந்திருந்தது. மெல்லிசாக வெட்டிவிட்டேன். இரண்டு துண்டையும் கப்டனின் கையில் வைத்தேன். என் ஒரு வேலை, என் மற்ற வேலையைக் காட்டிக்கொடுத்திருந்தது.

"பிழை என்ரை" என்றேன்.

அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முள்ளு உங்களோடதுதானே?" என்றார். அதற்குள் அவரை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். என்ன தொழில் என்று கேட்டார்கள். மெக்கானிக் என்றேன். விமான மெக்கானிக்கா என்றார்கள். இல்லை என்று சொன்னேன். அவர்கள் விமானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பொழுது சாயும் நேரம் விட்டுவிட்டார்கள். பலாலியிலிருந்து பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நாகேஸ் மிஸி வாசலில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டியாச்சு. இன்னும் ரெண்டு மணித்தியாலம் சுணங்கியிருந்தால் வெடிச்சிருக்குமெண்டு டொக்ரர் சொன்னவர்." பாதிச் சோடாவை என்னிடம் நீட்டினார். "நீங்கள் மேலை வைச்சு உண்மையைச் சொன்னது நல்லது அண்ணை. நானெண்டால் சொல்லியிருக்கமாட்டன்."

விதானையார் ஒரு மாதத்தில் ஊர் திரும்பினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் கொப்பியை முடித்துக் கையெழுத்துக்காக என்னிடம் அனுப்பியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: 'மேற்படி விமானத்தில் அடியேனும் ஏற்றிச் செல்லப்பட்டேன். அனுமதி பெறப்படவில்லை.' கையெழுத்து வைத்தேன்.

ஒரு கடிதம்

பிறகு ஆடி வந்தது, தெற்கில் எங்கள் சனத்தின் வீடும் கடையும் எரிந்த ஆடி. அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதவேண்டிவரும்.

புரட்டாதி அளவில், தெற்கிலிருந்து அநேகமாகக் கடிதங்களே வராத காலத்தில், கராஜ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் எழுதியிருந்தது. கொழும்பில் வேலை செய்த காலத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்.

தான் சுகமாக இருப்பதாகக் கப்டன் எழுதியிருந்தார். வலது முள் இன்றைக்கும் சரியாகக் காட்டுகிறது, அந்த விமானத்தை ஓட்டுகிற எவரிடமும் இடது முள்ளை நம்பாவிட்டாலும் வலதை நம்பு என்று சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி விட்டு, 'நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் எப்படி இருக்கிறீர்கள்? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்' என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்து மட்டும்.

அந்தக் கடிதத்தை நான் வாசித்தபோது என் தம்பி எங்கள் விறாந்தையில் இருந்தான். தென்பகுதிப் பட்டினமொன்றில் பதினொரு வருடம் கடை வைத்திருந்தவன். ஆடியில் அகதிக் கப்பலில் வந்து இறங்கும்போது போட்டிருந்த சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தான். வேறு வாங்கிக் கொடுத்திருந்தோம். அவன் அதையே தோய்த்துத் தோய்த்துப் போட்டான். இரண்டு மாதமாக அவன் எங்களோடு பேசியது பத்து வசனம் இருக்காது.

மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் நடந்ததெல்லாம் இருந்தது. இரண்டாவதில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு உரியவர் கப்டன் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாவதில் என்ன இருந்ததென்று ஞாபகம் இல்லை.

"ஆருக்கு எழுதுறாய்?" என்று தம்பி கேட்டான். அவனாகக் கேட்டது அதுதான் முதல் தரம்.

சொன்னேன். பிளேன் கதையையும் சொன்னேன். முழுவதையும் கேட்டான். விதானையாரின் காது வருகிற இடத்தில் அவன் வாய் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பென்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அந்தாள் கேட்டிருக்கிறார். பதில் போடு" என்றான்.

"என்னெண்டு போடுறது?"

அவன் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னான்.

"எல்லாரும் உயிரோடை இருக்கிறம் எண்டு போடு. சுகமெண்டு போடாதை."

அப்படியே எழுதி அனுப்பினேன்.